காணி காக்கும் மீன்கள்

கடல்நீரில் வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஆகவே மீன் என்பது மனம்போனபடி எங்கும் திரிந்து இரை தேடும் பிராணி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். மத்தி, கானாங்கெளுத்தி போன்று கூட்டங்கூட்டமாக அலையும் மீன்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் சரியே. ஆனால் வெப்பமண்டலக் கடல்களின் பவளத் திட்டுகளில் வாழும் மீன்களின் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு பிளவும், ஒவ்வொரு பொந்தும், பாசி படர்ந்த ஒவ்வொரு சாண் இடமும் யாரேனும் ஒரு மீனின் காணியாகவே இருக்கும்.

ஸ்டெகாஸ்டிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த சிறு மீன்களை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கூறலாம். கையகல நீளமே உள்ள இம்மீன்கள், இறந்துபோன பவளத்தின்மேல் வளரும் பாசியைப் பயிர்போல் பாதுகாக்கின்றன. தமக்கு உதவாத பாசி ஏதேனும் இடையில் முளைத்தால், அதை வாயினால் பறித்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எறிகின்றன. கிளிமீனோ ஓராமீனோ அருகில் வந்தால், அது தம்மைவிடப் பன்மடங்கு பெரிதாயினும் பாய்ந்து துரத்துகின்றன. நீரில் மூழ்கி ஆராயச் செல்லும் மனிதரையும் இவை கடிக்கத் தயங்குவதில்லை. வரப்புத் தகராறுகளைத் தீர்த்து வைத்து அலுத்துப்போன கிராம அதிகாரிகளுக்கு இம்மீனின் மனப்போக்கு எளிதில் விளங்கும்.

இவ்வளவு சிறிய உயிரை இத்தனை மூர்க்கமாகப் போரிடத் தூண்டுவது எது? ஹார்மோன்கள் என்பதே பாடப்புத்தகங்கள் கூறும் விடை. அவ்விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1849-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பவர் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றிப் பார்த்தார். விதை இழந்த சேவல்கள் கூவுவதையும் சண்டையிடுவதையும் விட்டுவிட்டன; விதையை மீண்டும் உடலுக்குள் பொருத்தியதும் பழைய குணங்கள் திரும்பின. இரத்தத்தில் கலந்து செல்லும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். அத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார்.

மீன்வளத் துறையில் பணிபுரியும் அன்பர்களுக்கு ஹார்மோன் என்றவுடன் நினைவுக்கு வருவது ஊசியே. ஒடிசாவிலுள்ள அங்குல் என்ற ஊரில் 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். ஆற்றில் வெள்ளம் வரும்வரை காத்திராமல், தொட்டியிலேயே குஞ்சு பெறும் வழி அன்று பிறந்தது. ஆண்டுதோறும் அந்நாள் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இவ்வெற்றியால் நம் மனத்தில் ஒரு சித்திரம் பதிந்துவிட்டது. ஹார்மோன் கட்டளையிடுகிறது, உடல் பணிகிறது என்பதே அது. இச்சித்திரம் தவறன்று, ஆனால் பாதியே. மற்றப் பாதியைப் பவளத் திட்டு மீன்கள் கற்பிக்கின்றன. காணி கைமாறினால், அண்டைவீட்டான் மாறினால், தலைமை போனால், அதற்கேற்ப ஹார்மோனே மாறுகிறது.

கடற்சாமந்தியில் ஒரு குடும்பம்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள சிறு தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் இருக்கின்றன. 1986-இல் இத்தீவுப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே கோமாளி மீன் எனப்படும் மீனினம் கடற்சாமந்திகளில் குடியிருக்கின்றது. கடற்சாமந்தியின் கொடுக்குகள் பிற மீன்களைக் கொட்டி மயக்கவல்லவை. கோமாளி மீன் மட்டும் அக்கொடுக்குகளுக்கு நடுவே அச்சமின்றிப் படுத்துறங்கும். ஒரு கடற்சாமந்தியே அதன் வீடு, நிலம், கோட்டை எல்லாம். அதை விட்டுச் சில மீட்டர் தூரம் விலகினாலே பெரிய மீன்களுக்கு இரையாகிவிடக்கூடும்.

ஒரு கடற்சாமந்தியில் வழக்கமாக ஒரு குடும்பமே வாழும். அக்குடும்பத்தில் மிகப் பெரியது பெண். அளவில் இரண்டாவதாக இருப்பது ஆண். மற்றவை இனப்பெருக்கத்தில் ஈடுபடாமல் வரிசையில் காத்திருக்கும் சிறு மீன்கள். இவை ஒன்றுக்கொன்று உறவினவல்ல. குஞ்சுப் பருவத்தில் கடலில் மிதந்து வந்து, இடம் கிடைத்த கடற்சாமந்தியில் ஒண்டிக்கொண்டவை. பெண் மீன் இறந்தாலோ பிடிபட்டாலோ, ஆண் மீன் பெண்ணாக மாறுகிறது. காத்திருந்தவற்றுள் பெரியது ஆணாக முதிர்கிறது. ஹன்ஸ் பிரிக்கே, சிமோன் பிரிக்கே ஆகிய இருவரும் 1977-இல் இதை விரிவாக எடுத்துரைத்தனர். பெண்ணின் ஓயாத அதட்டலே மற்றவற்றைப் பெண்ணாக விடாமல் தடுக்கிறது என்பதும் அவர்கள் கண்டதே.

வரிசையில் நிற்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 2003-இல் பீட்டர் பஸ்டன் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கீழ்ப்படியில் உள்ள மீன் தனக்கு மேலுள்ளதன் அளவை நெருங்காதவாறு தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அடுத்தடுத்த படியில் உள்ள இரு மீன்களின் நீளத்தை ஒப்பிட்டால், சிறியது பெரியதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காக அமைந்திருக்கும். அந்த இடைவெளி குறைந்தால் சண்டை மூளும்; சண்டையில் தோற்றால் வீட்டை விட்டே வெளியேற நேரும். உணவு போதாமையால் குன்றிய வளர்ச்சியன்று இது. மேலிடம் காலியானவுடன் அதே மீன் மளமளவென வளரத் தொடங்குகிறது.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மீன்களில் ஆண்மைக்குரிய முதன்மை ஹார்மோன் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்பது. கோமாளி மீன் குடும்பத்தில் இது ஆணின் இரத்தத்திலேயே மிகுதி, பெண்ணிடத்தில் குறைவு. ஆனால் காணியைக் காத்துப் போரிடுவதில் முன்னிற்பது பெண் மீனே. ஆண் மீன் பெரும்பாலும் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டும், அழுகியவற்றை நீக்கிக்கொண்டும் ஏழெட்டு நாள் காவலிருக்கிறது. ஆண் ஹார்மோன் மிகுந்தால் போர்க்குணம் மிகும் என்று சேவலைக் கொண்டு எழுதப்பட்ட பாடம், கடற்சாமந்தியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மூளை முந்துகிறது

அப்படியாயின் மாற்றம் எங்கே தொடங்குகிறது? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டிரண்டு ஆண் கோமாளி மீன்களைச் சேர்த்து வைத்துக் கவனித்தனர். சில நாட்களிலேயே ஒன்று மேலாதிக்கம் பெற்றது. 2019-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. ஏறத்தாழ ஆறு மாதங்களில், அம்மீனின் மூளையில் இனப்பெருக்கத்தோடு தொடர்புடைய ஒரு பகுதியின் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் பெண் மீனுக்கு நிகராகப் பெருகிவிட்டன. அதன் இனச்சுரப்பியோ அப்போதும் ஆணுக்குரியதாகவே இருந்தது. மூளையால் பெண்ணாகவும், சுரப்பியால் ஆணாகவும் அது நெடுங்காலம் வாழ்ந்தது.

இதே பாடத்தை மறுதிசையில் கற்பிப்பது கரீபியன் கடலின் நீலத்தலை மீன். இவ்வினத்தில் பெண்ணே ஆணாக மாறும். திட்டில் காணி வைத்திருக்கும் பெரிய ஆண்களை அகற்றிவிட்டால், பெண்களுள் மிகப் பெரியது அன்றைக்கே ஆணைப்போல் நடக்கத் தொடங்கும். காட்வின், குரூஸ், வார்னர் ஆகிய மூவர் 1996-இல் வெளியிட்ட பரிசோதனை தெளிவானது. அவர்கள் பெரிய பெண் மீன்களின் சூலகங்களை அறுவையால் நீக்கி, அவற்றை மறுபடியும் திட்டிலேயே விட்டனர். பிறகு ஆண்களை அகற்றினர். சூலகமும் இல்லாத, விதையும் இல்லாத அந்த மீன்கள் காணியைக் கைப்பற்றின, எதிரிகளை விரட்டின, பிற பெண்களுக்கு முன்னே ஆணுக்குரிய காதலாட்டம் ஆடின. ஆணின் முழு வண்ணம் மட்டும் அவற்றுக்கு வரவில்லை. வண்ணத்துக்குச் சுரப்பியின் ஹார்மோன் தேவை. காணி காக்கும் துணிவுக்கு அது தேவைப்படவில்லை.

துணிவுக்குக் காரணம் மூளைக்குள்ளேயே உற்பத்தியாகும் வேறொரு பொருள். வாசோடோசின் என்பது அதன் பெயர். மனித உடலில் சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெஸினுக்கு அது நெருங்கிய உறவு. அதன் செயலைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, காணி காலியாகக் கிடந்தும் நீலத்தலை மீன்களில் தலைமைக்கு வருவது தடைப்பட்டது. கோமாளி மீனின் ஆணிடத்தில் அதே வகைத் தடைமருந்தைக் கொடுத்தபோது, அது முட்டைகளை முன்னிலும் அதிகமாகப் பேணியது. ஒரே பொருள் ஓரிடத்தில் வாள், வேறோரிடத்தில் தொட்டிலுக்கு இடையூறு! ஒவ்வொரு ஹார்மோனுக்கும் ஒரே ஒரு வேலையை எழுதி மனப்பாடம் செய்விக்கும் பழக்கம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுவதே நலம்.

நம் கடல்களிலும் காணக்கூடிய மற்றொன்று, பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் துப்புரவு மீன். ஓர் ஆணும் சில பெண்களும் கொண்ட குடும்பம் அதனுடையது. ஆண் இறந்த சில மணி நேரத்திற்குள் மூத்த பெண் ஆணின் நடையைக் கைக்கொள்வதையும், இரண்டு மூன்று வாரங்களில் விந்தையும் உண்டாக்குவதையும் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்திரேலியப் பெருந்திட்டில் கண்டு 1972-இல் வெளியிட்டார். நடத்தை மணிக்கணக்கில் மாறுகிறது. உடல் வாரக்கணக்கில் அதைப் பின்தொடர்கிறது.

புனே நதியில் ஒரு சாட்சி

பவளத் திட்டுக்குச் சென்று பார்க்கும் வாய்ப்பு எல்லா ஆசிரியர்களுக்கும் இராது. கடல்மட்டத்துக்கு 560 மீட்டர் மேலே, மலைத்தொடருக்கு இப்புறம் இருக்கும் புனே போன்ற நகரில் பணிபுரிவோருக்கு அது இன்னும் அரிது. ஆனால் காணிக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பை நன்னீரிலேயே காட்டக்கூடிய மீன் ஒன்று புனேயின் முளா-முட்டா நதியிலும், பீமா நதியின் உஜனி நீர்த்தேக்கத்திலும் ஏராளமாக இருக்கிறது. மராட்டியர் சிலாபி என்றும், தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்றும் வழங்கும் திலாப்பியாவே அது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையைச் சேர்ந்த இம்மீன் 1952-இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிற மீன்களுக்கு இடையூறாவதைக் கண்டு 1959-இல் இதைப் பரப்புவதற்குத் தடை விதிக்கப்பட்டது. தடையை மதிக்க மீனுக்கு என்ன தெரியும்? அது தன் போக்கில் நாடெங்கும் பரவிவிட்டது.

ஆழமற்ற ஓரங்களில் ஆண் திலாப்பியா மணலை வாயால் அள்ளி வட்டமான குழி தோண்டும். அக்குழியில் அது குஞ்சு வளர்ப்பதில்லை. பெண் மீன் முட்டைகளைத் தன் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். குழி என்பது ஆணின் ஆட்சி எல்லைக்கு அடையாளம், அவ்வளவே. எல்லை பெற்ற ஆண் கன்னங்கரேலென்று நிறம் மாறும். எல்லை இழந்தால் சில நிமிடங்களிலேயே வெளிறிப்போகும்.

போர்த்துகல் நாட்டில் ஒலிவெய்ரா என்பவரும் உடன்பணியாளரும் இம்மீனைக் கொண்டு செய்த இரு பரிசோதனைகள் எளிமையாலும் நுட்பத்தாலும் சிறந்தவை. மீனின் சிறுநீரிலேயே ஹார்மோனை அளந்தமையால் மீனைக் கொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. முதலாவது 2001-இல் வெளியானது. அண்டைத் தொட்டியில் இரு ஆண்கள் சண்டையிடுவதை வேறோர் ஆண் மீன் பார்த்துக்கொண்டிருக்கச் செய்தனர். சண்டையில் கலந்துகொள்ளாமல் வெறுமனே பார்த்திருந்த அம்மீனிடத்திலும் ஆண் ஹார்மோன்களின் அளவு உயர்ந்தது. ஜல்லிக்கட்டுத் திடலின் ஓரத்தில் நிற்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 2005-இல் வெளியானது. ஆண் மீனுக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தனர். அது தன் பிம்பத்தைப் பகைவன் என்று எண்ணி உண்மைச் சண்டைக்குச் சற்றும் குறையாத வேகத்தோடு மோதியது. ஆனால் ஹார்மோன் உயரவில்லை. பிம்பம் அடிக்கு அடி கொடுத்தது. பின்வாங்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. வெற்றியோ தோல்வியோ தீர்மானமாகாத சண்டையில் ஹார்மோனுக்கு வேலையில்லை. சண்டைக்கு ஹார்மோன் காரணம் என்று மட்டும் கொண்டால் இம்முடிவை விளக்கவே முடியாது. சண்டையின் விளைவை மூளை எவ்வாறு கணிக்கிறதோ அதற்கேற்பவே ஹார்மோன் சுரக்கிறது என்று கொண்டால் எல்லாம் பொருந்தும். பறவைகளை ஆராய்ந்த விங்ஃபீல்டு குழுவினர் 1990-இல் எடுத்துரைத்த கருத்தும் இதை ஒட்டியதே. எதிரியின் அறைகூவலுக்கு ஏற்ப ஆண் ஹார்மோன் ஏறி இறங்குகிறது என்றனர் அவர்கள்.

கண்ணாடிப் பரிசோதனையைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். ஹார்மோனை அளக்க இயலாவிட்டாலும், நிறம் மாறுவதையும், செதிள் மூடி விரிவதையும், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மோதுகிறது என்பதையும் மாணவர்கள் எழுதி வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணாடியை வைத்திருத்தல் ஆகாது, மீன் களைத்துவிடும். பாடம் முடிந்தபின் திலாப்பியாவை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

காணி கெட்டால்

இவையெல்லாம் அறிவுக்கு விருந்து என்ற அளவில் நின்றுவிடுவனவல்ல. கடல்நீர் அளவுமீறிச் சூடேறும்போது பவளங்களைப் போலவே கடற்சாமந்திகளும் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுத்துவிடுகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் 2016-இல் வெளுத்த கடற்சாமந்திகளில் இருந்த கோமாளி மீன்களை ஆராய்ந்தபோது, மன உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உயர்ந்தும், இனப்பெருக்க ஹார்மோன்கள் தாழ்ந்தும் காணப்பட்டன. முட்டையிடுதல் 73 சதவீதம் குறைந்தது. அம்மீன்களை எவரும் தொடவில்லை, உணவையும் குறைக்கவில்லை. வீடு வெளிறியது, அவ்வளவுதான். கடற்சாமந்தி பழைய நிறத்துக்குத் திரும்பிய பின்னர் ஹார்மோன்களும் சீரடைந்தன.

அலங்கார மீன் வியாபாரத்துக்காகப் பிடிப்போர் கண்ணுக்கு முதலில் படுவது குடும்பத்தின் பெரிய மீனே. அது தாய். அதை எடுத்துவிட்டால் முட்டையிடுதல் நின்றுபோய், வரிசை முழுவதும் ஒரு படி நகர்ந்து, ஆண் பெண்ணாகி முதிரும்வரை அக்கடற்சாமந்தி மலடாகவே இருக்கும். இதற்கு மாற்றாக, மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாக்கப்பட்டது. மேலே கூறிய குடும்ப ஒழுங்கே அம்முறைக்கு அடிப்படை. ஆண் எது, பெண் எது என்று தேட வேண்டியதில்லை. அளவில் வேறுபட்ட இளமீன்களைச் சேர்த்து வளர்த்தால், சில மாதங்களில் பெரியது பெண்ணாகவும் அடுத்தது ஆணாகவும் தாமே அமைந்துவிடும். ஊசியும் வேண்டியதில்லை, மருந்தும் வேண்டியதில்லை.

உணவு மீன்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. களவா இனங்கள் பல, முதலில் பெண்ணாக இருந்து பின்னர் ஆணாகின்றன; கொடுவா முதலில் ஆணாக இருந்து பின்னர் பெண்ணாகின்றது. ஆகவே பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் களவாவில் ஆண் குறையும். கொடுவாவில் பெண் குறையும். சிறு மீன்களைப் பிடிக்கலாகாது என்று குறைந்தபட்ச நீளத்தை மட்டும் விதிக்கும் சட்டம், இவ்விரண்டு வகைகளிலும் குஞ்சுகளைக் காக்குமேயன்றிக் குடும்பத்தைக் காக்காது. இலட்சத்தீவின் பித்ரா தீவருகே ஒரு வகைக் களவா ஆண்டின் குறித்த காலத்தில் திரளாகக் கூடுகிறது. அங்கே ஒவ்வோர் ஆணும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பெண்களை எதிர்நோக்குகிறது. 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அத்திரளில் எல்லா ஆண்களும் ஒரே உபாயத்தைக் கையாளுவதில்லை என்று காட்டியது. சில ஒரு பெண்ணோடு இணைகின்றன. வேறு சில நடுநீரில் கூட்டமாக நீந்தும் பெண்களை நாடுகின்றன. மீன்பிடிப்பின் தாக்குதலுக்கு உள்ளாகாமல் மிகுந்த அடர்த்தியோடு இருந்த திரளாதலால் இதைக் காண முடிந்தது. கலைந்துபோன திரளில் இத்தகைய ஒழுங்கைத் தேடிப் பயனில்லை.

மீன் இறங்குதுறைகளில் கணக்கெடுக்கும் களப்பணியாளர்கள் களவா, கொடுவா ஆகியவற்றுக்கு மொத்த எடையோடு ஒவ்வொரு மீனின் நீளத்தையும், வயிறு கீறப்படும்போது ஆணா பெண்ணா என்பதையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். எந்த நீளத்தில் பால் மாறுகிறது என்பதை அக்குறிப்புகளிலிருந்தே கணிக்க முடியும். கடலுக்குள் செல்லும் வாய்ப்புடையோர், பெரிய மீன் பறிபோன கடற்சாமந்தியைக் காண நேர்ந்தால், எஞ்சியுள்ள மீன்கள் எத்தனை, முதலிரண்டின் நீளம் எவ்வளவு என்று மதிப்பிட்டு இடத்தையும் தேதியையும் எழுதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குச் சென்று, கடற்சாமந்தியின் அடியிலுள்ள பாறையில் முட்டைத் தொகுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால், அக்குடும்பம் மீண்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.